ஓடிபி கேட்காத உள்நுழைவு: சிம்மை நம்பும் சேவைக்கு ஒரு மதிப்புரை

செயலியில் கைபேசி எண்ணைத் தட்டச்சிட்டுப் பொத்தானை அழுத்துகிறோம். ஆறு இலக்கக் குறியீடு எதுவும் குறுஞ்செய்தியில் வராமலேயே ஓரிரு நொடிகளில் அடுத்த திரை திறந்துவிடுகிறது. அந்த எண்ணுக்குரிய சிம் அட்டை அதே கைபேசியில்தான் இருக்கிறது என்று தொலைத்தொடர்பு நிறுவனமே செயலிக்குச் சொல்லிவிடுவதால், பயனர் செய்ய வேண்டியது வேறொன்றும் இல்லை. எண் சரிபார்ப்பு, அமைதிச் சரிபார்ப்பு, ஒரே தொடுதலில் உள்நுழைவு என்று விற்பவரைப் பொறுத்துப் பெயர் மாறினாலும், உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றே. குறுஞ்செய்தி ஓடிபிக்கு மாற்றாக இதை ஏற்கலாமா என்று முடிவு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தபோது, பல தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வசதியை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஓர் இடைநிலை நிறுவனத்தின் வழியாக இதை ஒரு செயலியின் உள்நுழைவுப் பகுதியில் பொருத்திச் சோதித்தேன். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வகைச் சேவைக்கே உரிய குணங்களும் குறைகளுமே இந்த மதிப்புரையின் பொருள்.

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பிலும் வேகத்திலும் இது குறுஞ்செய்தி ஓடிபியைவிட மேலானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விற்பனைத் தாள்களில் ‘பயனரின் அடையாளத்தை உறுதிசெய்கிறது’ என்று எழுதியிருக்கிறார்களே, அது சேவையின் தகுதிக்கு மீறிய பேச்சு. இங்கே உறுதியாவது சிம் அட்டை மட்டுமே. சிம்மைக் கையில் வைத்திருப்பவர் யார் என்ற கேள்விக்கு இந்தச் சேவையிடம் பதில் இல்லை. இந்த வேறுபாட்டை மறந்து கட்டப்படும் எந்த உள்நுழைவும் என்றாவது ஒருநாள் சிக்கலில் முடியும்.

இதன் பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். சிம் அட்டைக்குள் ஒரு ரகசியத் திறவுகோல் பதியப்பட்டிருக்கிறது. அதன் மற்றொரு பிரதி தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருக்கிறது. கைபேசி நெட்வொர்க்கில் இணையும்போது, நிறுவனம் 128 பிட் நீளமுள்ள எழுந்தமானமான ஓர் எண்ணை அனுப்புகிறது. சிம் அந்த எண்ணையும் தன் திறவுகோலையும் சேர்த்துக் கணக்கிட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. நிறுவனமும் அதே கணக்கைத் தன் பக்கம் போட்டுப் பார்க்கிறது. இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் இணைப்பு கிடைக்கும். இந்தப் பரிமாற்றம் முழுவதிலும் திறவுகோல் சிம்மை விட்டு வெளியே வருவதே இல்லை. 2ஜி காலத்தில் நெட்வொர்க் மட்டுமே கைபேசியைச் சோதித்தது. கைபேசிக்கு நெட்வொர்க்கைச் சோதிக்க வழியில்லாததால் போலிக் கோபுரங்கள் எளிதாக ஏமாற்றின. 3ஜி முதல் இரு தரப்பும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன. பழைய ஜிஎஸ்எம் சிம்கள் பலவற்றில் இருந்த காம்ப்128 என்ற கணிப்புமுறை 1998ல் உடைக்கப்பட்டு, சிம்மை நகலெடுக்கும் வழி வெளிப்பட்டது என்பதும் உண்மைதான். அதன் பிறகு வந்த 3ஜி, 4ஜி சிம்களில் கணிப்புமுறையே மாறிவிட்டது.

இணைப்பு கிடைத்த பிறகு, மொபைல் டேட்டாவுக்காக அந்தக் கைபேசிக்கு ஓர் ஐபி முகவரி ஒதுக்கப்படுகிறது. எந்த முகவரி எந்த சிம்முக்கு ஒதுக்கப்பட்டது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். எண் சரிபார்ப்பு பயன்படுத்திக்கொள்வது இந்தத் தகவலைத்தான். செயலி மொபைல் டேட்டா வழியாக நிறுவனத்தின் குறிப்பிட்ட முகவரி ஒன்றை அழைக்கும். அழைப்பு எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று நிறுவனம் பார்த்து, ஒருமுறை மட்டும் செல்லும் டோக்கன் (டிஜிட்டல் அனுமதிச் சீட்டு) ஒன்றைத் தரும். செயலியின் சர்வர் அந்த டோக்கனையும் பயனர் தட்டச்சிட்ட எண்ணையும் கொடுத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று கேட்கும். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை வரும். பொது ஐபி முகவரி ஒன்றைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வது நெட்வொர்க்குகளில் வழக்கம் என்பதால், முகவரியோடு, ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணையும் சேர்த்தே நிறுவனம் ஆளைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எளிமையாகத் தோன்றும் இந்தச் சேவை, நிறுவனத்துக்கு உள்ளே பல அமைப்புகள் ஒத்துழைத்தால்தான் நடக்கும் என்பதற்கு இது ஓர் அறிகுறி.

யோசனை புதியதல்ல. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உலகளாவிய சங்கமான ஜிஎஸ்எம்ஏ, 2014ல் ‘மொபைல் கனெக்ட்’ என்ற பெயரில் இதே திசையில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் பார்சிலோனாவில் 21 நிறுவனங்கள் சேர்ந்து ‘ஓபன் கேட்வே’ என்ற திட்டத்தை அறிவித்தன. லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் இயங்கும் ‘கமாரா’ என்ற திறமூலத் திட்டத்தில் அதற்கான ஏபிஐகள் (ஒரு மென்பொருள் மற்றொன்றிடம் சேவை கேட்கும் வழிமுறைகள்) வரையறுக்கப்படுகின்றன. எண் சரிபார்ப்புக்கான வரையறை தெளிவாகவே இருக்கிறது. பயனரை நெட்வொர்க் வழியாகவே அடையாளம் காண வேண்டும் என்றும், உள்ளே மறைவாக ஒரு ஓடிபியை அனுப்பி ஒப்பேற்றக் கூடாது என்றும் அது வலியுறுத்துகிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனத்தோடும் வெவ்வேறு விதமாக இணைக்க வேண்டியிருந்த வேலை, இந்தப் பொது வரையறையால் பெருமளவு குறைந்திருக்கிறது.

ஓடிபியோடு ஒப்பிடும்போது இதன் மிகப் பெரிய நன்மை எது என்று கேட்டால், வேகம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாம் இடத்தில்தான் வருகிறது. ஏமாற்றிப் பறித்துக்கொள்ள இங்கே ஒன்றுமே இல்லை என்பதுதான் முதல் நன்மை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைப்பவர், போலி இணையதளத்தை விரித்து வைத்திருப்பவர், உதவி மைய ஊழியராக நடிப்பவர் என அனைவரும் பயனரிடமிருந்து கேட்டுப் பெறுவது அந்த ஆறு இலக்கங்களையே. குறியீடு என்ற ஒன்று பயனரின் கண்ணில் படவே இல்லையென்றால், அதை அவர் யாரிடமும் சொல்லவும் முடியாது. திருடன் தன் கைபேசியில் இன்னொருவருடைய எண்ணைத் தட்டச்சிட்டால், அழைப்பு திருடனின் சிம் வழியாகவே போவதால், விடை ‘இல்லை’ என்றே வரும். பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் முதல் வரி தெரிந்துவிடுவது, குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி பெற்ற தீய செயலிகள் குறியீட்டைக் கடத்துவது போன்ற அன்றாடத் தொல்லைகளும் இதோடு போய்விடுகின்றன.

குறுஞ்செய்தி பயணிக்கும் பாதையே ஓட்டையானது என்பதும் நெடுநாளாகத் தெரிந்த செய்தி. நிறுவனங்கள் தங்களுக்குள் அழைப்பையும் குறுஞ்செய்தியையும் கைமாற்றப் பயன்படுத்தும் எஸ்எஸ்7 என்ற நெறிமுறை, ஒருவரையொருவர் அறிந்த சில நிறுவனங்கள் மட்டுமே இருந்த காலத்தில் உருவானது; உள்ளே வந்தவர் யாராக இருந்தாலும் நம்புவது அதன் இயல்பு. அதன் வழியாக ஒருவருக்கு வரும் குறுஞ்செய்திகளைத் திசைதிருப்பலாம் என்று 2014 இறுதியில் ஜெர்மனியில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் மாநாட்டில் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். 2017ல் அதே நாட்டில், வங்கிகள் அனுப்பிய ஓடிபிகள் இந்த முறையில் கைப்பற்றப்பட்டு வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து பணம் எடுக்கப்பட்டதை ஓ2 டெலிஃபோனிகா நிறுவனம் உறுதிப்படுத்தியது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017ல் வெளியிட்ட வழிகாட்டியில், தொலைபேசி வலையமைப்பு வழியாக அனுப்பும் குறியீட்டைக் கட்டுப்பாட்டுக்குரிய முறையாக வகைப்படுத்தியது. எண் சரிபார்ப்பில் குறுஞ்செய்தியே இல்லாததால், இந்தத் தாக்குதலுக்கு இங்கே இடமில்லை.

வேகத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நல்ல 4ஜி இணைப்பில் சரிபார்ப்பு கண்ணுக்குத் தெரிவதற்குள் முடிந்துவிடுகிறது; குறுஞ்செய்திக்குக் காத்திருப்பது, ‘மீண்டும் அனுப்பு’ பொத்தானை அழுத்துவது, பழைய குறியீட்டையும் புதிய குறியீட்டையும் குழப்பிக்கொள்வது ஆகிய மூன்றும் இல்லாமல் போகின்றன. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும், ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி எண்களை நினைவில் வைத்துத் தட்டச்சிடுவதில் சிரமப்படும் முதியவர்களுக்கும் இது உண்மையான விடுதலை. ஏனோ விளம்பரங்களில் இந்தப் பயன் அதிகம் பேசப்படுவதில்லை.

இனி குறைகளுக்கு வருகிறேன். அன்றாடப் பயன்பாட்டில் முதலில் இடறுவது வைஃபை. சரிபார்ப்புக்கான அழைப்பு மொபைல் டேட்டா வழியாகவே போக வேண்டும். ஆனால் வீட்டிலோ அலுவலகத்திலோ இருப்பவரின் கைபேசி பெரும்பாலும் வைஃபையில் இருக்கும். ஆண்ட்ராய்டில், வைஃபை இணைந்திருக்கும்போதே குறிப்பிட்ட ஓர் அழைப்பை மட்டும் மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்பும்படி செயலி கேட்க முடியும். ஐபோனிலும் அதற்கு வழி உண்டு. ஆனால் வழக்கமான இணைய அழைப்பு முறை அதற்கு உதவாது, கீழ்மட்டத்திலுள்ள நெட்வொர்க் நூலகத்தைக் கொண்டு இணைப்பைக் கையால் கட்ட வேண்டும். சேவை வழங்குபவர் தரும் எஸ்டிகே, அதாவது செயலிக்குள் பொருத்தும் ஆயத்த மென்பொருள் தொகுப்பு, இந்த வேலையைச் செய்துவிடுகிறது என்றாலும், பயனர் மொபைல் டேட்டாவை முழுவதுமாக அணைத்து வைத்திருந்தாலோ, ஐபோன் அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் அதைத் தடுத்திருந்தாலோ, எந்த எஸ்டிகேயாலும் ஒன்றும் செய்ய முடியாது. மடிக்கணினியில் உலாவி வழியாக உள்நுழைபவருக்கு இந்தச் சேவை நேரடியாகப் பயன்படாது என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இரட்டை சிம் கைபேசிகள் அடுத்த தலைவலி. பயனர் தன் முதல் சிம்மின் எண்ணைக் கொடுக்கிறார். டேட்டாவுக்கோ இரண்டாவது சிம்மை வைத்திருக்கிறார். அழைப்பு இரண்டாவது சிம் வழியாகப் போவதால், நேர்மையான பயனருக்கும் ‘பொருந்தவில்லை’ என்ற விடையே கிடைக்கிறது. விபிஎன் போட்டிருந்தால் அழைப்பு நிறுவனத்தின் கண்ணுக்கு வேறோர் இடத்திலிருந்து வருவதாகத் தெரியும் என்பதால் அதுவும் தோல்வியில் முடியலாம். ரோமிங்கில் நிலைமை கலவையானது. வெளிநாட்டில் இருக்கும்போதும் டேட்டா சொந்த நிறுவனத்தின் வழியாகவே திருப்பிவிடப்படும் அமைப்பில் சரிபார்ப்பு வேலை செய்கிறது. சென்ற நாட்டின் நெட்வொர்க்கிலிருந்தே இணையத்துக்கு வெளியேறும் அமைப்பில் வேலை செய்வதில்லை.

இந்தத் தோல்விகளைவிட, அவற்றை அறிவிக்கும் விதம்தான் என்னை அதிகம் சலிப்படைய வைத்தது. ‘எண் பொருந்தவில்லை’ என்பதும் ‘என்னால் தீர்மானிக்க முடியவில்லை’ என்பதும் முற்றிலும் வேறான விடைகள். முதலாவது மோசடியின் அறிகுறியாக இருக்கலாம். இரண்டாவது வெறும் வைஃபை பிரச்சினையாக இருக்கலாம். கமாரா வரையறையில் இவை தனித்தனியாகவே இருக்கின்றன. ஆனால் நான் சோதித்த இடைநிலை நிறுவனத்தின் எஸ்டிகே, பல வகைப் பிழைகளை ஒரே பொதுவான தோல்வியாகச் சுருக்கித் தந்தது. அதன் விளைவாக, சந்தேகத்துக்குரியவரையும் வைஃபையில் இருக்கும் அப்பாவியையும் ஒரே மாதிரி ஓடிபிக்குத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. சற்று யோசித்தால் இதன் அபத்தம் புரியும். பாதுகாப்பான வழியில் தோற்றவர் எல்லோரையும் பலவீனமான வழிக்கு அனுப்பினால், தாக்குபவர் செய்ய வேண்டியது மொபைல் டேட்டாவை அணைத்து வைப்பது மட்டுமே. மாற்று வழி எவ்வளவு பலவீனமோ, முழு அமைப்பும் அவ்வளவே பலவீனம்.

இதைவிட நுட்பமான ஆபத்தும் ஒன்று உண்டு. நெட்வொர்க்குக்குத் தெரிவது சிம்முக்கு ஒதுக்கிய இணைப்பு மட்டுமே. அந்த இணைப்பின் மறுமுனையில் அழைப்பை விடுத்தது எந்தச் செயலி, எந்தச் சாதனம் என்று அதற்குத் தெரியாது. ஒருவர் தன் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு நண்பருக்கு இணையம் கொடுத்தால், நண்பரின் கைபேசியிலிருந்து புறப்படும் அழைப்பும் அவருடைய சிம்மின் பெயரிலேயே போகும். அதேபோல ஒரே கைபேசியில் நிறுவப்பட்ட தீய செயலி ஒன்றும், வேறொரு நல்ல செயலியின் பெயரைச் சொல்லி டோக்கன் கேட்கலாம். இது வெறும் கற்பனை அல்ல. சீனாவில் இந்த வகை ஒரே தொடுதல் உள்நுழைவு மிகப் பரவலாகப் பயன்படுகிறது. அங்குள்ள மூன்று பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சேவைகளைச் சோதித்த ஆய்வாளர்கள், இதே இரண்டு வழிகளிலும் பிறருடைய கணக்குக்குள் நுழைய முடிவதை 2022ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். டோக்கனைக் கேட்பது உண்மையிலேயே தன் செயலிதானா என்பதை இயங்குதளத்தின் சான்றளிப்பு வசதியைக் கொண்டு சோதிப்பதும், டோக்கனின் ஆயுளைக் குறுக்கி ஒரே அமர்வோடு பிணைப்பதும் இந்த ஆபத்தைக் குறைக்கும். சேவையை வாங்குபவர் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் தொழில்நுட்பக் கேள்வி இதுவாகவே இருக்க வேண்டும் என்பேன். நான் கேட்டபோது, விற்பனைப் பிரிவில் இருந்தவருக்குக் கேள்வியே புதிதாக இருந்தது. அவர்களுடைய பொறியாளர் ஒருவரை அழைத்து வந்த பிறகே உருப்படியான பதில் கிடைத்தது.

சிம் மாற்று மோசடி என்று வரும்போது, எண் சரிபார்ப்பு மட்டும் தனியாக நின்றால் அது பாதுகாவல் தருவதே இல்லை. மோசடிக்காரர் தொலைத்தொடர்பு நிறுவனத்தை ஏமாற்றி, பாதிக்கப்பட்டவரின் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு அந்தப் புதிய சிம்தான் உண்மையான சிம். நெட்வொர்க்கும் முழு நேர்மையோடு ‘ஆம், பொருந்துகிறது’ என்றே சொல்லும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜாக் டார்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே அவருடைய கைபேசி எண் கைமாறியதால் பறிபோனது. 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் கணக்கில் பிட்காயின் நிதிகளைப் பற்றிய போலி அறிவிப்பு வெளியானதற்கும் சிம் மாற்று மோசடிதான் காரணம் என்று அந்த ஆணையமே தெரிவித்தது.

இதற்கு மருந்தாக ‘சிம் மாற்றச் சோதனை’ என்ற தனி ஏபிஐ இருக்கிறது. குறிப்பிட்ட எண்ணுக்கான சிம் கடந்த இத்தனை மணி நேரத்துக்குள் மாறியிருக்கிறதா என்று கேட்கலாம். கமாரா வரையறையில் கேட்பவர் எதையும் குறிப்பிடாவிட்டால் 240 மணி நேரம், அதாவது 10 நாள், என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். ஒன்றை வாங்கி மற்றொன்றை விட்டுவிடுவது அரைகுறை வேலை. ஆனால் ‘சிம் மாறியிருக்கிறது’ என்ற விடையைக் கண்டதும் பயனரைப் பூட்டிவிடுவதும் தவறு. புதிய கைபேசி வாங்கி, அதற்குள்ளேயே பதிந்துள்ள இ-சிம்முக்கு மாறியவர், சிம் பழுதாகி மாற்றியவர், தொலைந்த கைபேசிக்குப் பதிலாக வேறொன்று எடுத்தவர் என நியாயமான காரணங்கள் ஏராளம். அப்படிப்பட்டவர்கள்தான் புதிய கைபேசியில் செயலியை மீண்டும் நிறுவி உள்நுழைய வருபவர்களும். எனவே இந்த விடையைத் தடைக்கல்லாகப் பயன்படுத்தாமல், பெரிய தொகையை அனுப்புவது, கடவுச்சொல்லை மாற்றுவது போன்ற செயல்களை மட்டும் சில நாள் தள்ளிவைக்கும் காரணமாகப் பயன்படுத்துவதே சரியாகப்படுகிறது.

திருட்டுப்போன கைபேசியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கைபேசி பூட்டியிருந்தாலும், அதிலுள்ள சிம் அட்டையைக் கழற்றி வேறொரு கைபேசியில் போட்டுவிட்டால், சிம்முக்குத் தனியாக பின் எண் வைக்காதவரை, எண் சரிபார்ப்பு திருடனுக்கும் சத்தமில்லாமல் கதவு திறக்கும். ஓடிபியும் இதே நிலையில் அவன் கைக்கே போய்ச் சேரும் என்பதால் இதைப் புதிய குறை என்று சொல்ல முடியாது. இருந்தாலும், பயனருக்குத் தெரியாமலேயே எல்லாம் முடிந்துவிடும் ஒரு முறையில், சிம் பின் வைக்கும்படி அவரிடம் சொல்லும் கடமை செயலிக்குக் கூடுகிறது. கழற்ற முடியாத இ-சிம் இந்த ஒரு விஷயத்தில் நல்ல முன்னேற்றம்.

‘அடையாளம்’ என்ற உரிமைகோரலுக்கு எதிரான என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. எண் என்பது ஆள் அல்ல. குடும்பத்தில் ஒருவர் பெயரில் வாங்கிய சிம்மை இன்னொருவர் பயன்படுத்துகிறார். நிறுவனம் தன் பெயரில் எடுத்த சிம்மை ஊழியருக்குக் கொடுக்கிறது. கைவிடப்பட்ட எண்ணைச் சில காலம் கழித்து நிறுவனம் வேறொருவருக்கு விற்கிறது. இந்தக் கடைசி வழக்கத்தின் விளைவு சிறியதல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு அமெரிக்க நிறுவனங்களில் புதிய வாடிக்கையாளருக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்த 259 எண்களைச் சோதித்தபோது, அவற்றில் 171 எண்கள் பிரபலமான இணையதளங்களில் முன்பே இருந்த கணக்குகளோடு இணைந்திருந்தன. அந்த எண்களுக்குப் புதிதாக உரிமையாளரானவர் எண் சரிபார்ப்பில் எந்தத் தடையுமின்றி வெற்றி பெறுவார். பழையவரின் கணக்கு அவருக்குத் திறந்துவிடும். எண்ணை மட்டுமே கணக்கின் திறவுகோலாக வைத்திருக்கும் செயலிகள் இந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கின்றன என்று எனக்குப் புரியவில்லை.

ஆளையும் சேர்த்து உறுதிசெய்யும் முறை நெட்வொர்க் உலகில் இல்லாமலில்லை. எஸ்டோனியாவில் 2007 முதல் நடைமுறையில் இருக்கும் மொபைல்-ஐடியில், ஒருவரின் டிஜிட்டல் கையொப்பத்துக்கான திறவுகோல்கள் அதற்கென்றே வழங்கப்படும் சிம்முக்குள் இருக்கின்றன. உள்நுழைய ஒரு பின் எண்ணும், கையொப்பமிட வேறொரு பின் எண்ணும் இட வேண்டும். உள்நுழையும்போது கணினித் திரையிலும் கைபேசியிலும் ஒரே சரிபார்ப்பு எண் தெரிகிறதா என்று பயனர் ஒப்பிட்டுப் பார்க்கிறார். அந்த சிம் அரசு அடையாளத்தோடு பிணைக்கப்பட்டது. பின் எண் அதன் உரிமையாளரின் மனத்தில் மட்டும் இருப்பது. அமைதிச் சரிபார்ப்பில் இந்த இரண்டுமே இல்லை. பயனரின் பக்கம் எந்தச் செயலும் தேவைப்படாததே அதன் கவர்ச்சி. அவர் அங்கே இருக்கிறாரா, சம்மதித்தாரா என்பதற்குச் சான்று கிடைக்காமல் போவதும் அதே காரணத்தால்தான். கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தில் சேமித்த திறவுகோலைக் கொண்டு உள்நுழையும் பாஸ்கீ போன்ற முறைகளில் கைரேகையோ முகமோ திரைப்பூட்டோ கேட்கப்படுவதால் அந்தச் சான்று கிடைக்கிறது. ஆனால் புதிய பயனரின் எண் உண்மையில் அவருடையதா என்ற கேள்விக்கு பாஸ்கீயால் விடை சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை. முதல் பதிவின்போது எண் சரிபார்ப்பு, அதன் பிறகு அன்றாட உள்நுழைவுக்கு பாஸ்கீ என்று வைத்துக்கொள்வதே நான் பார்த்தவற்றுள் திருத்தமான அமைப்பு.

தனியுரிமையில் இந்தத் துறைக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. மறையாக்கம் செய்யப்படாத இணைய அழைப்புகளின் தலைப்புப் பகுதியில் வாடிக்கையாளரின் எண்ணையோ அடையாளக் குறியையோ நிறுவனமே செருகி அனுப்பும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 2012 ஜனவரியில் பிரிட்டனின் ஓ2 நிறுவனம், வாடிக்கையாளர்களின் கைபேசி எண்கள் அவர்கள் பார்த்த இணையதளங்களுக்குத் தெரிந்துவிட்டதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் வெரைசன் இதே பாணியில் அழிக்க முடியாத ஒரு குறியைச் செருகியதற்காக 2016ல் 13.5 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய ஏபிஐ கண்ணியமானது. செயலிக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணைக் கொடுத்து ஆம், இல்லை என்று மட்டும் விடை பெறுவதே அதன் முதன்மைப் பயன்பாடு.

ஆனாலும் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. எண்ணை ஹாஷ் செய்து, அதாவது நேரடியாகத் திருப்ப முடியாத குறியீடாக மாற்றி, அனுப்பலாம் என்பதைப் பெரிய பாதுகாப்பாக விளம்பரப்படுத்துகிறார்கள். பத்து இலக்க எண்கள் எல்லாவற்றையும் வரிசையாக ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்குச் சிறு வேலை என்பதால், அந்த மறைப்பு ஒப்புக்கு இருப்பதே. இரண்டாவதாக, எந்த வாடிக்கையாளர் எந்தச் செயலியில் எப்போது உள்நுழைகிறார் என்பது ஒவ்வொரு சரிபார்ப்பிலும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியவருகிறது. உடல்நலம், கடன், திருமணம் பற்றிய செயலிகளை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் புரியும். சில நிறுவனங்கள் இதற்கான ஒப்புதலைத் தெளிவான திரையில் கேட்கின்றன. வேறு சில, செயலியின் நீண்ட நிபந்தனைகளுக்குள் ஒரு வரியாகப் புதைக்கும்படி விட்டுவிடுகின்றன. ஒரு வரி அறிவிப்பைத் திரையில் காட்டுவதால் பயனரின் வேகம் குறைந்துவிடப் போவதில்லை.

வைஃபை சிக்கலுக்கு விடிவு தெரிகிறது. ஜிஎஸ்எம்ஏவின் டிஎஸ்.43 என்ற வரையறையில், சிம்முக்குள் இருக்கும் திறவுகோலைக் கொண்டே நேரடியாகக் கேள்வி-பதில் முறையில் சரிபார்க்கலாம். ஐபி முகவரியை நம்ப வேண்டிய தேவை இல்லாததால் அது வைஃபையிலும் நடக்கும். அது பரவலாகக் கிடைக்கும்வரை, இந்தச் சேவையை வாங்க நினைப்பவர்கள் தங்கள் பயனர்கள் பயன்படுத்தும் நெட்வொர்க்குகளில் எவையெல்லாம் உண்மையிலேயே சேர்ந்திருக்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். குறிப்பாக, பிறருடைய கோபுரங்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் மெய்நிகர் நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் பட்டியலில் விடுபட்டுப்போவது உண்டு.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இன்னும் சிலவற்றையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ‘பொருந்தவில்லை’, ‘மொபைல் டேட்டா இல்லை’, ‘இந்த நெட்வொர்க் சேவையில் இல்லை’, ‘நிறுவனத்தின் பக்கம் பழுது’ ஆகிய நான்கும் தனித்தனிக் குறியீடுகளாக வர வேண்டும். தீர்மானிக்க முடியாமல் போன அழைப்புக்குக் கட்டணம் உண்டா என்பது தெளிவாக இருக்க வேண்டும். சிம் மாற்றச் சோதனை தொகுப்பில் சேர்ந்தே வருகிறதா, தனியாக வாங்க வேண்டியதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. நான் பேசியவர்கள் முதல் கோரிக்கையை அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது வரும்வரை எங்கள் செயலியில் இந்தச் சேவையைப் புதிய பதிவுக்கு மட்டும் இயக்கி வைத்திருக்கிறோம், பணம் அனுப்பும் திரையில் இன்னும் இணைக்கவில்லை.